ஏழாவது குட்டிக்கு இன்டர்வியூ

அம்மா, அப்பா, அக்கா, ஃபோனை ஸ்பீக்கரில் போடுங்கள், மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தனித்தனியாகச் சொன்னால் அது மூன்று கதையாகிவிடும். அப்புறம் நீங்கள் மூவரும் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து என்னை மாட்டிவிடுவீர்கள்.

நாய்க்குட்டி கிடைத்துவிட்டதா என்று அப்பா கேட்ட அன்று, "கிடைச்ச மாதிரிதான்பா" என்றேன். அது பொய். அன்றைக்கு எனக்குக் கிடைத்திருந்தது ஒரு விண்ணப்பப் படிவம் மட்டும். நான்கு பக்கம். வாய் தவறி அதையும் சொல்லிவிட்டேன், வேட்டை நாய் என்பதையும்.

அம்மா உடனே, "நாய் வாங்கறதுக்கு எதுக்குடி படிவம்? கடையில போய்க் கேட்டா குடுக்க மாட்டானா?" என்றாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "வேட்டை நாயா? நீ என்னத்தடி வேட்டையாடப் போற? கரப்பான்பூச்சியப் பாத்தா கட்டில் மேல ஏறி நின்னு எனக்கு ஃபோன் பண்றவ!" அப்பாவோ அன்று சாயந்தரத்துக்குள் தெரு முழுக்க, "எங்க சின்னவ அங்க வேட்டை நாய் வளக்கறா" என்று சொல்லி முடித்துவிட்டாராம். ஒரு படிவத்துக்கே இவ்வளவு.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் மணிப் பொத்தானை அழுத்தினால், அது அடிப்பது என் காதில்தான். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களைப் பதறவிடாமல் பேசிக்கொண்டிருப்பது என் வேலை. "மூச்ச மெதுவா விடுங்க சார், காத்து நல்லா வரும், லிஃப்ட் விழாது சார்" என்று நாள் முழுக்கச் சொல்கிறேன். சொல்லிவிட்டு, எங்கள் அலுவலகம் ஆறாவது மாடியில் இருந்தும் நான் மட்டும் படியேறிப் போகிறேன்.

ஒரு நாள் ஒருவர் ஐம்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். முதல் ஐந்து நிமிடம் கத்தினார். கத்தலுக்கு நடுவே இன்னொரு மூச்சும் கேட்டது. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவர் மூச்சு மாதிரி, நிதானமாக.

"கூட யாராவது இருக்காங்களா சார்?"

"என் நாயி. என் கால் மேல தலைய வச்சுப் படுத்திருக்கு."

நாயைப் பற்றிக் கேட்கக் கேட்க அவர் குரல் இறங்கியது. பாயிண்டர் என்று ஒரு வேட்டை இனமாம். புதருக்குள் பறவை இருப்பது மூக்குக்குத் தெரிந்துவிட்டால் குரைக்காதாம், பாயாதாம். ஒரு முன்னங்காலைத் தூக்கி, மூக்கை அந்தப் பக்கம் நீட்டி, அப்படியே சிலையாகிவிடுமாம். தினமும் இரண்டு மணி நேரம் வெளியே கூட்டிப்போகாவிட்டால் வீட்டைப் பிரித்து மேய்ந்துவிடுமாம். "மழையோ காய்ச்சலோ, போய்த்தான் ஆகணும். நம்மள விடாது" என்று அலுத்துக்கொண்டார்.

அவர் அலுத்துக்கொண்டதைக் கேட்டு எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஏன் என்று உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்த முதல் பதினோரு மாதத்தில் நான் பார்த்தது மூன்றே இடம்: அறை, பஸ், அலுவலகம். "ஊரெல்லாம் சுத்திப் பாத்தியா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "பாத்தாச்சும்மா" என்று சொல்லிப் படங்கள் அனுப்பினேன். எல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்தவை. அத்தனை படத்திலும் ஓரத்தில் ஒரே கம்பி நிற்பதை நீங்கள் யாரும் கவனிக்கவில்லை. தெரியாத தெருவில் திரும்பினால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ, நான் தப்பாகப் பதில் சொல்லிவிடுவேனோ என்று. விடுமுறை நாளில் குப்பை கொட்டப் போவதுதான் என் சுற்றுலா. ஏதாவது ஒன்று என்னை விடாப்பிடியாக வெளியே இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு என்று தோன்றிவிட்டது.

லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் அவர் நன்றி சொல்லி, குட்டி வாங்கிய வீட்டு நம்பரைக் கொடுத்தார். "நல்ல இடம். ஆனா லேசுல குடுக்க மாட்டாங்க. எனக்கே ரெண்டு தடவை இல்லன்னாங்க" என்றார்.

அந்த வீட்டு அம்மாவுக்கு நான் வைத்த பெயர் குட்டியம்மா. குட்டிகள் வைத்திருப்பதால் மட்டும்தான் அந்தப் பெயர். மற்றபடி தன் வீட்டு வாசலிலேயே குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். ஃபோனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் வீட்ல சோபா இருக்கா?"

"இல்லங்க."

"நல்லது. இருந்தா, அது மேல உனக்குப் பாசம் இருக்கான்னு அடுத்த கேள்வி."

படிவம் இன்னும் மோசம். நாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்? வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் எங்கே? செருப்புகளை எந்த உயரத்தில் வைக்கிறீர்கள்? கடைசியாக, 'ஏன் இந்த இனம்?' என்று கேட்டு அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார். நான் 'பிடிக்கும்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். ஏழு குட்டிகள். ஆறுக்கு ஆள் முடிவாகிவிட்டது. ஏழாவதுக்கு நானும் இன்னொருவரும். சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வா.

நேரில் என்றதும் உடனே என் அறைத்தோழியிடம் ஓடினேன். ஃபோனில் பேசும்போது, "பின்னால லாரி போகுதா?" என்று அம்மா கேட்பாளே, அது அவள் தூங்குவது. இங்கே எல்லாரும் அவளை ஜெனரேட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பஸ் டிப்போவில் சீட்டு உறை தைக்கிறாள். விசா இன்டர்வியூவில் மூன்று முறை தோற்று நான்காவது முறை ஜெயித்து இங்கே வந்தவள். ஆகவே உலகத்தில் நடக்கும் எந்த இன்டர்வியூவைப் பற்றியும் அவளுக்குக் கருத்து உண்டு.

"எல்லா இன்டர்வியூவும் ஒண்ணுதான்டி. எதிர்ல இருக்கறவங்களுக்கு ஒரே சந்தேகம், இவ பொய் சொல்றாளான்னு. நாம காகிதத்தால அடிக்கணும்."

காகிதம் சேர்த்தோம். வீட்டுக்காரர் கடிதம், சம்பளச் சீட்டு, பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசிச் சான்று, அதுவும் என்னுடையது. வெள்ளைப் பின்னணியில் காது தெரிகிற மாதிரி ஆறு ஃபோட்டோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் ஒட்டுச்சீட்டு. அக்கா, உன் கல்யாணத்துக்குக்கூட நாம் இவ்வளவு தயாராகவில்லை.

அப்புறம் பயிற்சி. ஜெனரேட்டர் துணிக்கூடையைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து அதிகாரியானாள்.

"எதுக்கு வந்திருக்க?"

"நாய்க்குட்டி வாங்க."

"தப்பு. வாங்கன்னு சொன்னா அலையற மாதிரி இருக்கு. பார்வையிடன்னு சொல்லு."

"பார்வையிட."

"சிரிக்காத. எவ்வளவு நாளு?"

"எது எவ்வளவு நாளு?"

"பாத்தியா, திருதிருன்னு முழிக்கற! எவ்வளவு நாளுன்னு யாரு கேட்டாலும் ஒரே பதில். குறிச்ச காலம் வரைக்கும்தான். முடிஞ்சதும் திரும்பிப் போயிடுவேன். எங்க சொந்தபந்தமெல்லாம் ஊர்லதான் இருக்கு. இங்கயே தங்கற எண்ணம் துளிகூட இல்ல. இந்தப் பதிலச் சொன்ன அன்னிக்குத்தான் எனக்கு முத்திரை குத்தினாங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும்."

ஐந்து நாள் அதையே சொல்லிப் பழகினேன். பல் தேய்க்கும்போது சொன்னேன். படியேறும்போது சொன்னேன். வியாழக்கிழமை லிஃப்டில் மாட்டியிருந்த ஒரு பெரியவர், "இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று கேட்டபோது, "குறிச்ச காலம் வரைக்கும்தான் சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் அழுதுவிட்டார்.

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனேன். தனியாக. ஜெனரேட்டர் வரவில்லை. ஆனால், "பசியில பதில் வராது" என்று இரண்டு அவித்த முட்டைகளைக் காகிதத்தில் சுற்றி என் பைக்குள் திணித்து அனுப்பினாள்.

குட்டியம்மா வீட்டுச் சமையலறையில்தான் இன்டர்வியூ. மேசை, நான்கு நாற்காலி, கதவுக்குப் பின்னால் காயும் பழைய துண்டுகள், எங்கும் ஈர நாய் வாசனை. ஜன்னல் கண்ணாடியில் இரண்டு எக்ஸ்ரே படங்கள் ஒட்டியிருந்தன. பேச்சைத் தொடங்க ஏதாவது வேண்டுமே என்று, "யாருக்குங்க இடுப்பு வலி?" என்று கேட்டேன்.

"வலியெல்லாம் இல்ல. இது மகாராணியோட இடுப்பு, தாய் நாயி. அது அப்பனோட இடுப்பு. இடுப்பு, கண்ணு, இதயம் மூணும் டாக்டர் பாத்து நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்த பிறகுதான் ஜோடி சேர்த்தேன். பின்னால நொண்டற குட்டிய நான் யார் தலையிலயும் கட்டறதில்ல. நல்லா பாரு."

பார்த்தேன். இரண்டும் நல்ல இடுப்புகளாகத்தான் தெரிந்தன. பிறகு என் ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தேன், தொப்பென்று ஒரு சத்தத்துடன். குட்டியம்மா அதைப் பார்த்தார். எழுந்து அலமாரியைத் திறந்து தன் ஃபைலை எடுத்து எதிரே வைத்தார். மேசை ஆடியது. மூன்று தலைமுறை வம்சாவளி, தடுப்பூசி அட்டைகள், பூச்சிமருந்து கொடுத்த தேதிகள், ஏழு குட்டிகளின் தினசரி எடை. அந்தக் குட்டிகளின் கொள்ளுத்தாத்தா பெயர்கூட அதில் இருக்கிறது. அப்பா, நம் கொள்ளுத்தாத்தா பெயர் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

அப்போது மகாராணி உள்ளே வந்தாள். வெள்ளை உடம்பு, காப்பிக் கொட்டை நிறத்தில் காதுகள். என்னைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். என் பை அருகே வந்ததும் நின்றாள். ஒரு முன்னங்கால் மெல்ல மேலே போனது. வால் விறைத்தது. மூக்கு பையை நோக்கி நீண்டது. அப்படியே சிலை.

குட்டியம்மாவின் கண் நாயிலிருந்து பைக்கும், பையிலிருந்து எனக்கும் வந்தது. "பைல என்ன?"

எனக்கு விமான நிலையம் ஞாபகம் வந்துவிட்டது. "பைய நானேதாங்க கட்டினேன்! வேற யாரும் எதுவும் குடுத்துவிடல! கூர்மையான பொருள் எதுவும் இல்ல!"

"முட்டை வாசனை வருதே."

"ரெண்டு இருக்குங்க. சொந்த உபயோகத்துக்கு."

அதிலும் பாதி பொய், பையைக் கட்டியது ஜெனரேட்டர். குட்டியம்மா ஏதோ குறித்துக்கொண்டார். நாய் காலை இறக்கவே இல்லை. ஒரு நாய் நம்மையே விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கும்போது நேர்மையாக முகம் வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

"சரி. எதுக்கு வந்திருக்க?"

"பார்வையிட."

"பார்வையிடவா? குட்டி வேணாமா?"

"வேணுங்க. ஆனா அலையல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "இந்த நாயி பன்னெண்டு, பதினாலு வருஷம் இருக்கும்மா. நீ எவ்வளவு நாள் வச்சிருப்ப?"

எவ்வளவு நாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. நெஞ்சில் பயமே இல்லை. பதினோரு மாதத்தில் முதல் முறையாக ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது.

"குறிச்ச காலம் வரைக்கும்தான் மேடம். முடிஞ்சதும் திரும்பிப் போயிடுவேன். எங்க சொந்தபந்தமெல்லாம் ஊர்லதான் இருக்கு. இங்கயே தங்கற எண்ணம் துளிகூட இல்ல!"

தடங்கலே இல்லாமல் சொன்னேன். ஜெனரேட்டர் கேட்டிருந்தால் கண் கலங்கியிருப்பாள்.

மகாராணிகூட முட்டையை விட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நாயி?" என்றார் குட்டியம்மா.

அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. "இல்லங்க, அது வந்து, அது வேற இன்டர்வியூவோட பதிலு" என்றேன். பச்சை ஒட்டுச்சீட்டைப் பிரித்துத் தடுப்பூசிச் சான்றை நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை.

"ஒரு உயிர உனக்குக் குடுத்தா அது வாழற வரைக்கும் அதோட இருக்கணும்மா. குறிச்ச காலமெல்லாம் அதுக்குத் தெரியாது." தன் ஃபைலை மூடினார். "கோவிச்சுக்காத. இது சரிப்படாது. உன் பஸ்சு எப்ப?"

"ஒண்ணரை மணி நேரம் இருக்குங்க."

"சரி, வந்தது வந்துட்ட. குட்டிங்களப் பாத்துட்டுப் போ."

பக்கத்து அறையில் பலகை அடைப்புக்குள் ஏழு குட்டிகள். பிறந்து நாலு வாரம். ஆறு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஏழாவது பலகையைத் தாண்டி வந்து, என் ஷூ நாடாவை அவிழ்த்து, கையிலிருந்த ஃபைலில் தொங்கிய நாடாவைப் பிடித்து இழுத்தது. ஃபைல் அடைப்புக்குள் விழுந்தது. மற்ற ஆறும் எழுந்துவிட்டன. நான் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காப்பாற்றினேன். சம்பளச் சீட்டை மூன்று பேர் பங்கு பிரித்தார்கள். ஏழாவது என் ஃபோட்டோ ஒன்றைக் கவ்விக்கொண்டு மூலைக்குப் போய், என் வலது காதை மட்டும் நிதானமாகத் தின்றது.

"அவன் ரவுடி. அவனுக்குத்தான் இன்னும் ஆள் முடிவாகல" என்றார் குட்டியம்மா. குரலில் கொஞ்சம் பெருமை.

அப்பா தெருவில் சொன்னது, அம்மாவுக்கு அனுப்பிய ஜன்னல் கம்பிப் படங்கள், எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. இனி மறுபடியும் குப்பை கொட்டப் போவதுதான்.

மகாராணியை வெளியே விடும் நேரமாம். "சும்மா உக்காந்து என்ன பண்ணப் போற, கூட வா" என்று குட்டியம்மா கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு புல். முந்தின நாள் மழையில் எங்கும் குட்டை குட்டையாகத் தண்ணீர். நான் அலுவலக ஷூ போட்டிருந்தேன். மகாராணி முன்னால், நான் நடுவில், குட்டியம்மா பின்னால். ஒரு குட்டையைத் தாண்ட இடது காலைத் தூக்கினேன். அதே நேரம் மகாராணி ஒரு புதர் முன் நின்றாள். கால் மேலே போனது. சிலை.

"அசையாத!" என்று பின்னாலிருந்து குட்டியம்மா கிசுகிசுத்தார். நாயிடம் சொன்னாரா, என்னிடமா, தெரியாது. அதிகாரக் குரலில் யார் சொன்னாலும் நான் அசைய மாட்டேன். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. ஒரு நாயும் ஒரு பெண்ணும், இரண்டு பேரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

நான்கு நிமிடம் என்று குட்டியம்மா பிறகு சொன்னார். எனக்கு நாற்பது. நடுவில், அதே கிசுகிசுப்பில், "படிவத்துல பிடிக்கும்னு மட்டும் எழுதியிருந்த. நிஜமா எதுக்கு இந்த நாயி உனக்கு?" என்று கேட்டார்.

திரும்ப முடியாது. அவர் முகம் தெரியவில்லை. எதிரே புல் மட்டும்தான். புல்லிடம் சொல்லிவிட்டேன்.

"வெளிய போகவே பயமா இருக்குங்க. வந்து பதினோரு மாசம் ஆச்சு, ஒரு தெருவும் தெரியாது. இது ஒண்ணுதான் விடாம இழுத்துட்டுப் போகும்னு சொன்னாங்க."

"நாயி மாத்திரை இல்லம்மா."

"தெரியுங்க."

"வேட்டைக்கு?"

"கரப்பான்பூச்சிக்கே கட்டில் மேல ஏறுவேங்க."

"ஊருக்குத் திரும்பப் போயிட்டா?"

"அதையும் கூட்டிட்டுத்தான் போவேன். முடியலன்னா உங்ககிட்டதான் கொண்டாந்து விடுவேன். இப்ப சொல்றது இன்டர்வியூ பதில் இல்லங்க. கால் வலிக்குது."

அந்தச் சமயம் பார்த்துப் புதரிலிருந்து ஒரு பறவை சடசடவென்று கிளம்பியது. நான் போட்ட அலறலில் இன்னும் மூன்று பறவைகள் கிளம்பின. அப்படியே குட்டையில் உட்கார்ந்துவிட்டேன். மகாராணி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அக்கா, நான் கணக்கில் தோற்றபோது அம்மா பார்த்த அதே பார்வை.

குட்டியம்மா சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டு என்னைத் தூக்கிவிட்டார். "இன்னொருத்தர் இருக்காருன்னேன்ல? குட்டிய பெட்டியில போட்டு ரிப்பன் கட்டித் தர முடியுமான்னு கேட்டாரு. பொண்டாட்டிக்குப் பரிசாம். வாசலோட அனுப்பிட்டேன். நீ இன்னிக்கு நாலு நிமிஷம் உண்மை பேசியிருக்க. அதுக்காகக் குட்டி குடுத்துட முடியாது. நாலு ஞாயித்துக்கிழமை வா. மகாராணிய ரெண்டு மணி நேரம் நடத்து. மழை பெஞ்சாலும் வரணும். ஒரு வாரம் வரலன்னாலும், அவ்வளவுதான்."

நான்கு வாரமும் போனேன். முதல் வாரம் மழை. மகாராணிதான் என்னை நடத்தினாள். ஒரு ஷூ இன்னமும் அங்கே எங்கோ இருக்கிறது. இரண்டாவது வாரம் காலையில் போர்வைக்குள்ளிருந்து, "உடம்பு சரியில்ல" என்று குட்டியம்மாவுக்குச் சொல்ல ஃபோனை எடுத்தேன். ஜெனரேட்டர் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு குடையைக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் ஒருவர் என்னிடம் வழி கேட்டார். என்னிடம்! சொன்னேன். தப்பான வழி. வானம் இடிந்து விழவில்லை, அவர்தான் எங்கோ போய்விட்டார்.

நான்காவது வாரம் குட்டியம்மா எங்கள் அறையைப் பார்க்க வந்தார். அவ்வளவு உயரமான மனுஷி தரையில் படுத்து இரண்டு கட்டிலுக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒயர்களை ஆணி அடித்து மேலே ஏற்றச் சொன்னார். ஜெனரேட்டர் டிப்போவில் காலை ஷிஃப்ட், நான் மதிய ஷிஃப்ட், நாய் தனியாக இருப்பது ஒன்றரை மணி நேரம்தான் என்று கணக்கிட்டுத் தலையாட்டினார். திடீரென்று நிமிர்ந்தார்.

"இது என்ன சத்தம்? மோட்டார் ஓடுதா?"

"ரூம்மேட்டுங்க. ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கறா."

குட்டியம்மா மூடிய போர்வையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். "வேட்டை நாய்க்குச் சின்ன வயசுலயே பெரிய சத்தம் பழக்கணும். அதுக்கு நான் என்னென்னவோ பண்ணுவேன். இங்க தானாவே நடக்குது" என்றார்.

எட்டு வாரம் முடிந்த அன்று போனபோது நான் ஒரு தவறு செய்தேன். மூலையில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்த சாதுக் குட்டியைக் காட்டி, அதை மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"உனக்கா? அதுவும் பயந்தது, நீயும் பயந்தவ. ரெண்டு பேரும் கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துக்குவீங்க. யாருக்கு எதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்." ரவுடியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி என் கையில் வைத்தார். அவன் உடனே என் சட்டைப் பொத்தானைக் கடித்துத் துப்பினான். ஒப்பந்தத்தில் என்ன ஆனாலும் அவனை வேறு யாருக்கும் தரக்கூடாது, எந்த வயதிலும் அவரிடமே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். குட்டியம்மா ஏழு குட்டி போகும்போதும் ஏழு முறை அழுவாராம். திரும்பி நின்று துண்டு மடித்தார்.

தடுப்பூசி எல்லாம் முடிந்து, டாக்டர் வெளியே கூட்டிப்போகலாம் என்று சொல்லி இன்றோடு ஒன்பது நாள். தினமும் இரண்டு வேளை. எங்கே போகிறோம் என்பது எனக்குத் தெரியாது. அவனைக் கேட்டால்தான் தெரியும்.

இப்போதும் தெரியாத ஒரு தெருவில்தான் நிற்கிறேன். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் ஃபோன். வந்து கால் மணி நேரமாகிறது. ரவுடி ஒரு முன்னங்காலைத் தூக்கி, வாலை விறைத்து, ஒரு வீட்டு வேலியில் மாட்டிக் காற்றில் ஆடும் பிளாஸ்டிக் பையைக் காட்டிக்கொண்டிருக்கிறான். இழுத்தால் வர மாட்டேன் என்கிறான். அந்த வீட்டு மாடி ஜன்னலில் ஒரு அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இப்போது கீழே கதவு திறக்கிறது. என்னைப் பார்த்துத்தான் வருகிறார்.

"என்னம்மா வேணும்? இங்கயே நிக்கறியே?"

என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஃபோனை வைக்கிறேன், அவரிடம் பேச வேண்டும்.